அச்சு முறிந்த ஊரில் ஒரு ட்ரோன் மூட்டு

(எபிசோடின் ஒலிப்பதிவைச் சுருக்கித் திருத்திய எழுத்து வடிவம்)

சென்னையிலிருந்து ஜிஎஸ்டி ரோட்டுல தெற்கே போனா செங்கல்பட்டு, மதுராந்தகம், மேல்மருவத்தூர், அதுக்கு அடுத்து அச்சரப்பாக்கம். நம்மில் பலருக்கு அது பாண்டிச்சேரி போற வழியில தூங்கிக் கடந்த ஒரு பெயர்ப்பலகை. ஆனா அந்தப் பெயரில் ஒரு விபத்து இருக்கு. அச்சு இறு பாக்கம். இறுதல்னா முறிதல். திரிபுரத்தை எரிக்கக் கிளம்பிய சிவனுடைய தேர், விநாயகரைக் கும்பிடாம புறப்பட்டதால, இங்கே அச்சு முறிஞ்சு நின்னுதுன்னு தலபுராணம் சொல்லுது. சம்பந்தர் பாடிய தலம். ஆட்சீஸ்வரர் கோயில்.

எனக்குத் தெரிஞ்சு, ஒரு வண்டியின் பாகம் உடைஞ்சதை ஊர்ப் பேராவே வெச்சுக்கிட்ட இடம் இது ஒண்ணுதான்.

இன்னைக்கு அந்த ஊரைச் சுத்தி நெல் வயல்கள்ல வேற ஒரு வண்டி ஓடுது. ஓடுதுன்னு சொல்லக் கூடாது, பறக்குது. பத்து லிட்டர் டேங்க், ஆறு கை, மருந்து தெளிக்கிற ட்ரோன். அது உடையறதும் பெரும்பாலும் அச்சு மாதிரியான ஒரு இடத்துலதான். கை நடுவில் உடலோட சேருதே, அந்த மடக்கு மூட்டு. கறுப்பா, உள்ளங்கை அளவுக்கு ஒரு பிளாஸ்டிக் துண்டு. இன்னைய எபிசோடு அந்தத் துண்டைப் பத்தி.

ஏன்னா அதுல ஒரு புதிர் இருக்கு. அச்சரப்பாக்கத்திலிருந்து வடக்கே ஏறக்குறைய 50 கிலோமீட்டர் போனா மறைமலைநகர். அங்கிருந்து ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர் வரைக்கும் காருக்கு பிளாஸ்டிக் பாகம் வார்க்கிற கம்பெனிகள். இன்ஜினுக்குப் பக்கத்துல, கொதிக்கிற சூட்டுல, பத்து வருஷம் தாங்கற பாகங்களை வார்க்கறாங்க. அப்புறம் ஏன் வயல்ல பறக்கற ட்ரோனோட மூட்டு பெரும்பாலும் சீனாவிலிருந்து டப்பாவில் வருது?

முதல்ல அந்த மூட்டு என்ன சுமக்குதுன்னு பார்க்கலாம். 2021 ட்ரோன் விதிகள்படி ‘சிறிய’ வகைக்கு உச்ச எடை 25 கிலோ. அதைத் தாண்டினா ‘நடுத்தர’ வகை, கெடுபிடி அதிகம். அதனால நம்ம தெளிப்பு ட்ரோன்கள் பலதும் 25 கிலோவுக்குள்ளேயே நிற்கும். ஆறு கைன்னா ஒரு கைக்கு நாலு கிலோவுக்குக் கொஞ்சம் மேல. மூட்டிலிருந்து மோட்டார் 60 சென்டிமீட்டர் தள்ளி இருக்குன்னு வெச்சுக்கங்க. ஒரு மீட்டர் குச்சியோட நுனியில ரெண்டரை கிலோ அரிசிப் பையைக் கட்டி, மறுமுனையைக் கையில் பிடிச்சா மணிக்கட்டு படற பாடு இருக்கே, அதுதான் சும்மா அந்தரத்துல நிற்கும்போது மூட்டுக்கு. வரப்பு ஓரத்துல சட்டுனு திரும்பினா அதைவிட எவ்வளவோ கூடுதல்.

இதாவது பரவாயில்லை. நிஜ எதிரி அதிர்வு. புரொபெல்லர் நிமிஷத்துக்கு 3,000 சுத்துன்னா விநாடிக்கு 50. அதுல லேசா சமநிலை தப்பியிருந்தா, ஒவ்வொரு சுத்துக்கும் மூட்டுக்கு ஒரு தட்டு. பத்து நிமிஷப் பறப்புக்கு 30,000 தட்டு. ஒரு நாளைக்கு இருபது தடவை ஏறி இறங்கினா 6 லட்சம். ஒரு ஜெம் கிளிப்பை ஒரே தடவை வளைச்சு யாராலும் ஒடிக்க முடியாது, முன்னும் பின்னும் வளைச்சா ஒடியும். அதே கதை.

காலேஜ்ல எங்க டீம் ட்ரோன் ஒண்ணு செஞ்சோம். யார் தயாரிச்சதுன்னே தெரியாத நகல் ஃபிரேம், ரெண்டு சிவப்புக் கை, ரெண்டு வெள்ளைக் கை. இன்ஜினியரிங் படிச்சவங்க இப்பவே சிரிக்கறீங்க, தெரியுது. மூணாவது நாள் ஒரு கை ஒடிஞ்சது. பிளாஸ்டிக் மட்டம்னு திட்டினோம். பிறகு நிதானமா பார்த்தா, உடைஞ்ச இடம் மோட்டார் ஸ்குரூ ஓட்டையிலிருந்து நேர்கோடா போயிருந்தது. நான்தான் அந்த ஸ்குரூவை வெறித்தனமா முறுக்கினவன். அந்த நேர்கோடு ஏன் அங்கே வந்ததுங்கறது எனக்கு ரொம்ப வருஷம் கழிச்சுத்தான் புரிஞ்சது.

அந்த சிவப்பு-வெள்ளைக் கைகளுக்கும் ஒரு சரித்திரம் இருக்கு. 2000களின் நடுவில் மல்டிரோட்டர் செய்தவங்க எல்லாம் பொழுதுபோக்குக்காரங்க. ஜெர்மனியில 2006 வாக்கில் தொடங்கின மிக்ரோகாப்டர் குழுவைப் பின்பற்றி, ஹார்டுவேர் கடையில கிடைக்கிற சதுர அலுமினியக் குழாயைக் குறுக்கு நெடுக்கா வெச்சு போல்ட் போட்டாங்க. விழுந்தா வளையும், வேற குழாய் வெட்டிக்கலாம். கணக்கெல்லாம் பெருசா இல்லை.

2010 ஜனவரியில பிரான்ஸ் நாட்டு பேரட் கம்பெனி ஏஆர்.ட்ரோனைக் காட்டினது. செல்போன்ல ஓட்டற விளையாட்டு சாமான். அதன் அடுத்த மாடல் 2012ல வந்தப்ப, கார்பன் குழாய், அதோட 30 சதவீதம் இழை கலந்த நைலான் பாகங்கள்னு விவரக் குறிப்பிலேயே போட்டாங்க. அதே காலத்துல ஷென்சென் டிஜேஐ, எஃப் 450ங்கற ஃபிரேமை வித்தது. நாலு வார்த்த கை, ரெண்டு தட்டு, கீழ்த்தட்டே வயரிங் போர்டு. நகல் எடுத்தவங்க எல்லாரும் அந்தக் கைகளை ‘பிஏ 66 ஜிஎஃப் 30’ன்னுதான் விளம்பரம் பண்ணாங்க. அதாவது நைலான் 66, அதுல 30 சதவீதம் கண்ணாடி இழை. நம்ம ஊர் மோல்டிங் ஷாப்ல இதுக்குப் பேர் ‘கிளாஸ் ஃபில்டு’. 2013 ஜனவரியில டிஜேஐ ஃபேண்டம் வந்தது. அதுல தனியா ஃபிரேமே கிடையாது, வெள்ளை ஓடுதான் உடம்பு, அதுதான் எலும்பும். அங்கேதான் கதை திரும்பினது. அதுவரை ட்ரோன் கட்டப்பட்டது. அதன் பிறகு வார்க்கப்பட்டது.

இதுக்கு நம்ம ஜில்லாவிலேயே உதாரணம் இருக்கு. மாமல்லபுரம் கடற்கரைக் கோயில், கல்லை அடுக்கிக் கட்டினது. ஐந்து ரதங்கள், பாறையைக் குடைஞ்சு ஒரே துண்டா எடுத்தது. இணைப்பே இல்லாததால இணைப்பு விட்டுப் போற பயமும் இல்லை. அந்த ரதங்களுக்கு அச்சும் கிடையாது, அதனால முறியவும் வழியில்லை.

சரி, நைலானுக்கு வருவோம். 1935ல அமெரிக்காவின் டூபான்ட் ஆய்வுக்கூடத்துல வாலஸ் கராதர்ஸ் குழு உருவாக்கினது. 1940ல பெண்களின் காலுறையா கடைக்கு வந்தது. இதன் குணத்துல ஒரு விசித்திரம்: இது தண்ணி குடிக்கும். வெறும் பிஏ 66, சாதாரண ஈரப்பதத்துல ரெண்டரை சதவீதம் ஈரத்தை இழுக்கும். தண்ணியில ஊறவிட்டா எட்டு சதவீதத்துக்கு மேல. கண்ணாடி கலந்தா கொஞ்சம் குறையும். மெஷினிலிருந்து சூடா, காய்ஞ்சு வெளியே வந்த பாகம் விறைப்பா இருக்கும், ஆனா நொறுங்கும். ஈரம் குடிச்ச பிறகு விறைப்பு குறையும், அடி தாங்கும். அதனால நல்ல கம்பெனிகள் வார்த்த பாகத்தை ஈரக்காற்றுல வெச்சுப் ‘பழக்கி’த்தான் அனுப்பும். குளிர்காலத்துல ஏசி ரூம்ல சீல் பண்ணி வெச்ச கையை அன்னைக்கே எடுத்துப் பறக்கவிட்டு முதல் இறக்கத்துல ஒடிச்சவங்களுக்கு இது புரியும்.

ஆனா வார்க்கறதுக்கு முன்னால அந்த ஈரமே வில்லன். குருணையில 0.2 சதவீதத்துக்கு மேல ஈரம் இருந்தா, 280 டிகிரி உருகல்ல அந்தத் தண்ணி நைலான் சங்கிலிகளை வெட்டிப் போட்டுடும். பாகம் பார்க்க நல்லாத்தான் இருக்கும், சில சமயம் மேல வெள்ளிக் கோடு மாதிரி தெரியும், பலம் போயிருக்கும். வங்கக் கடலோரக் காற்றுல திறந்து வெச்ச சாக்கு எவ்வளவு சீக்கிரம் ஈரம் இழுக்கும்னு யோசிங்க. நாலு மணி நேரம் டிரையர்ல போடணும். அவசர ஆர்டர்னு ரெண்டு மணி நேரத்துல எடுத்துட்டா, அந்தத் தவறு ஆறு மாசம் கழிச்சு யாரோ ஒருத்தர் வயல்ல தெரியும்.

இப்போ என் நேர்கோட்டுக்கு வர்றேன். உருகின பிளாஸ்டிக் அச்சுக்குள்ள ‘கேட்’ங்கற சின்ன வாசல் வழியா ஆறு மாதிரி பாயும். ஸ்குரூ ஓட்டை வரவேண்டிய இடத்துல எஃகு ஊசி நிற்கும். ஆறு அதைச் சுத்தி ரெண்டாப் பிரிஞ்சு, மறுபக்கம் சேரும். சேர்ற இடத்துல ஒரு கோடு, வெல்டு லைன். கண்ணாடி இழைகள் ஓட்டத்தோட திசையிலேயே படுத்துக்கும், அந்தக் கோட்டைத் தாண்டிக் கை கோர்க்காது. அங்கே பலம் பாதியாகக்கூடக் குறையலாம். முப்பது சதவீதக் கண்ணாடி போட்டும் அந்த ஒரு கோட்டுல அதன் பலன் கிடைக்காது. ட்ரோன் கையில மோட்டாருக்கு நாலு ஓட்டை. நாலு கோடு. கேட் எங்கே வெச்சா அந்தக் கோடுகள் இழுவிசை குறைஞ்ச பக்கம் போகும்னு முடிவு பண்றவர்தான் அந்தக் கையின் ஆயுளை முடிவு பண்றார். விளம்பரத்துல வர்ற மெட்டீரியல் பேர் பாதிக் கதைதான்.

மீதியும் இதே மாதிரி, கண்ணுக்குத் தெரியாத முடிவுகள். உள்மூலை கூர்மையா இருந்தா விரிசல் அங்கேயே பிறக்கும், அதனால வளைவு கொடுக்கணும். கனமா இருந்தா பலம்னு தடிமனைக் கூட்டினா, உள்ளே மெதுவா ஆறி வெற்றிடம் விழும். மெல்லிய சுவர், அதுக்கு முதுகெலும்பா ரிப், அந்த ரிப் சுவரின் தடிமன்ல பாதிக்குக் கொஞ்சம் மேல இருந்தாப் போதும். அடிக்கடி கழட்டற ஸ்குரூவுக்கு பித்தளை இன்சர்ட். இன்னொண்ணு, ஸ்குரூ கழலாம இருக்க ஊத்தற பசை நைலானை அவ்வளவா ஒண்ணும் பண்ணாது, ஆனா பாலிகார்பனேட், ஏபிஎஸ் ஓட்டுல பட்டா விரிசல் விட வைக்கும். பூச்சி மருந்துகள்ல இருக்கற கரைப்பான்களும் அப்படித்தான். தெளிப்பு ட்ரோனுக்கு நைலான் பக்கம் போனதுக்கு அது ஒரு காரணம்.

இந்த அறிவெல்லாம் சென்னைக்குப் புதுசான்னா, இல்லை. 1958லயே கிண்டியில தொழிற்பேட்டை வந்தாச்சு. 1968ல, ஐ.நா. வளர்ச்சித் திட்டத்தின் உதவியோட, சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு செயல்படுத்த, இந்திய அரசு பிளாஸ்டிக் பொறியியலுக்குன்னு ஒரு மத்திய நிறுவனத்தைத் தொடங்கினது. சிப்பெட். தொடங்கின இடம் கிண்டி. முழுப் பேர் பின்னாடி மாறினாலும் சுருக்கப் பேர் அப்படியே நிக்குது. அதன் முதல் பேரில் ‘டூல்ஸ்’ங்கற வார்த்தை இருந்தது, அது எனக்குப் பிடிக்கும். பிளாஸ்டிக்கைவிட அச்சு செய்யற கைதான் அரிதுன்னு அப்பவே தெரிஞ்சிருக்கு. கவனிச்சீங்களா, தேர் முறிஞ்சதும் அச்சு, பாகம் வார்க்கறதும் அச்சு. தமிழ் ரெண்டுக்கும் ஒரே சொல்லைக் கொடுத்துட்டு நம்மைப் பார்த்துச் சிரிக்குது.

1990களின் கடைசியில இருங்காட்டுக்கோட்டையில ஹூண்டாய், மறைமலைநகர்ல ஃபோர்டு வந்தப்ப இந்தக் கைகளுக்கு வேலை பெருகினது. கார் கம்பெனிக்கு ஒரு பாகம் கொடுக்கணும்னா லட்சத்துல ஒரு பீஸ்கூட மாறக் கூடாது. இன்ஜினுக்குக் காத்து கொண்டு போற மேனிஃபோல்டு, உலகம் முழுக்க கிளாஸ் ஃபில்டு நைலானுக்கு மாறின பாகம். ட்ரோன் மூட்டுக்கு வேண்டிய அதே மெட்டீரியல், அதே டிரையர், அதே கட்டுப்பாடு.

பறக்கற பக்கமும் காலியா இல்லை. குரோம்பேட்டை எம்ஐடி, 1949ல சி. ராஜம் தொடங்கினது, அப்துல் கலாம் விமானப் பொறியியல் படிச்ச இடம். அங்கே இருந்த விண்வெளி ஆராய்ச்சி மையத்திலிருந்து வந்ததுதான் தக்‌ஷா குழு. 2018ல அவங்களுக்கு நடிகர் அஜித்குமார் ஆலோசகரா இருந்தது உங்களுக்கு நிச்சயம் ஞாபகம் இருக்கும். மும்பை பக்கம் ஐடியாஃபோர்ஜ், ‘3 இடியட்ஸ்’ படத்துல வர்ற குட்டி ட்ரோன் அவங்க கைவண்ணம். படம் 2009. ஃபேண்டம் வர்றதுக்கு மூணு வருஷத்துக்கு முன்னால.

அப்போ எங்கே விட்டோம்? என் கணக்குல, எண்ணிக்கையில.

2014 அக்டோபர்ல சிவில் விமானப் போக்குவரத்து இயக்குநரகம் ஒரு பொது அறிவிப்பு போட்டது. விதிமுறை வரும்வரை சிவில் ட்ரோன் பறக்கக் கூடாது. விதிமுறை வந்தது 2018 ஆகஸ்ட்ல, அமலுக்கு வந்தது அந்த வருஷம் டிசம்பர் 1. நாலு வருஷம். பாதுகாப்புக் காரணம் இருந்தது, அதை நான் கிண்டல் பண்ணலை. ஆனா சரியா அந்த நாலு வருஷத்துலதான் ஷென்சென் பகுதியில ஒவ்வொரு மாடலுக்கும் அச்சு வெட்டி, உடைஞ்சு, விரிசல் விழுந்து, வாடிக்கையாளர் திட்டி, அச்சைத் திருத்தி, மறுபடி வார்த்து, கத்துக்கிட்டாங்க. நம்ம ஊர்ல அப்போ ட்ரோன் செஞ்சவங்க போலீஸுக்கும் ராணுவத்துக்கும் சர்வேக்கும் பத்து, இருபதுன்னு செஞ்சாங்க. பத்துக்கும் இருபதுக்கும் யாரும் அச்சு வெட்ட மாட்டாங்க. கார்பன் தட்டை சிஎன்சியில வெட்டி, கார்பன் குழாயை கிளாம்ப்ல பிடிச்சு, போல்ட் போடுவாங்க. அதுதான் அறிவாளித்தனமும்கூட. அதனால இந்திய ட்ரோன்னாலே குழாயும் போல்ட்டும்னு ஒரு தோற்றம் வந்துடுச்சு. ரசனை காரணமில்லை, ஆர்டர் அளவு.

கணக்கைப் பாருங்க. பேச்சுக்கு ஒரு அச்சு 8 லட்சம் ரூபாய்னு வெச்சுக்கலாம். கண்ணாடி இழை சாதாரண எஃகை அரம் மாதிரி தேய்க்கும், அதனால கடினப்படுத்தின எஃகுல வெட்டணும், விலை ஏறும். 100 துண்டு வார்த்தா அச்சுக்கூலி மட்டும் ஒரு துண்டுக்கு 8,000. 50,000 துண்டு வார்த்தா 16 ரூபாய். ரெண்டுக்கும் நடுவுல இருக்கறது தொழில்நுட்பம் இல்லை. அடுத்த மூணு வருஷத்துக்கு டிசைனை மாத்த மாட்டேன்னு ஒருத்தர் எடுக்கற துணிச்சல். டிசைன் இன்னும் முடிவாகாதவங்க அச்சு வெட்டினா, மாசா மாசம் எஃகைத் திருத்தியே பணம் போயிடும்.

2021 ஆகஸ்ட்ல புது ட்ரோன் விதிகள். செப்டம்பர்ல 120 கோடி ரூபாய் உற்பத்தி ஊக்கத் திட்டம், ட்ரோனுக்கும் உதிரிபாகத்துக்கும். 2022 பிப்ரவரி 9ல வெளிநாட்டு ட்ரோன் இறக்குமதிக்குத் தடை, ஆராய்ச்சி, பாதுகாப்பு மாதிரி சில விலக்குகளோட. ஆனா உதிரிபாகங்களுக்குத் தடை இல்லை. அது தப்புன்னு சொல்ல மாட்டேன், மோட்டாரும் சிப்பும் இல்லாம எதை அசெம்பிள் பண்றது? ஆனா அதே வாசல் வழியா மூட்டும் வந்தது, மடக்குக் கையும் வந்தது, முழு ஃபிரேம் கிட்டும் வந்தது. ஒரு டப்பாவுல எல்லாம் கிடைக்கும்போது இங்கே யார் 8 லட்சத்தை எஃகுல போடுவாங்க?

இன்னொரு பக்கம், 2021 செப்டம்பர்ல ஃபோர்டு இந்தியாவில் உற்பத்தியை நிறுத்தப் போறதா அறிவிச்சது. மறைமலைநகர்ல கடைசி கார் 2022 ஜூலையில வெளியே வந்தது. ட்ரோனுக்கு நாடு கதவைத் திறந்த அதே பத்து மாசத்துல, அச்சும் மெஷினும் தெரிஞ்ச ஒரு பெல்ட்டுல ஒரு பெரிய வாடிக்கையாளர் கிளம்பிப் போனார். ரெண்டு செய்தியும் பேப்பர்ல வேற வேற பக்கத்துல வந்தது.

2023 நவம்பர்ல மத்திய அரசு மகளிர் சுயஉதவிக் குழுக்களுக்கு 15,000 ட்ரோன் தர்ற திட்டத்துக்கு ஒப்புதல் கொடுத்தது, 1,261 கோடி ரூபாய். என் பார்வையில கதையை மாத்தக்கூடிய எண் இதுதான். ஆறு கைன்னா 15,000 ட்ரோனுக்கு 90,000 மூட்டு. உதிரியை விட்டுட்டே. ஆனா அது பல கம்பெனிகளுக்கு, பல மாடல்களுக்குப் பிரிஞ்சு போகும். ஆளுக்கொரு மூட்டு வடிவம். குழாய் விட்டம்கூட ஒத்துப் போகாது. சைக்கிள் பிரேக் கட்டை மாதிரி எந்தக் கடையிலயும் கிடைக்கிற பொது மூட்டுன்னு ஒண்ணு இன்னும் நம்மகிட்ட இல்லை.

அதன் விலையைக் கொடுக்கறது ட்ரோன் ஓட்டறவங்க. ஒரு பருவத்துல தெளிப்புக்கு உகந்த நாட்கள் கொஞ்சம்தான். காலையில காத்து கிளம்பறதுக்கு முன்னால ரெண்டு மூணு மணி நேரம், சாயங்காலம் கொஞ்சம். மூட்டு விரிசல் விட்டா அன்னைக்கு வேலை போச்சு. பாகம் வர ரெண்டு வாரம் ஆனா பருவமே போச்சு. பக்கத்து லேத்துல அலுமினியத்துல ஒண்ணு கடைஞ்சுக்கலாமேன்னா, வகைச் சான்று ஒரு குறிப்பிட்ட மாடலுக்குத்தான், மூட்டை மாத்தின பிறகு அது அதே மாடலான்னு கேள்வி வரும். அலுமினியத்துக்கு இன்னொரு குணமும் உண்டு. அது தாங்கிக்கும், அடியை அடுத்த பாகத்துக்குத் தள்ளிவிடும். மோட்டாரோ கார்பன் குழாயோ போகும். நல்ல டிசைனர் மூட்டை உடையவே கூடாதுன்னு செய்ய மாட்டார். எது முதல்ல உடையணும்னு முடிவு பண்ணி, அதை மலிவாவும் மாத்தறதுக்குச் சுலபமாவும் வைப்பார்.

இப்போ சிலர் நடுவழி ஒண்ணு எடுக்கறாங்க. உடம்பு முழுசையும் வார்க்கறதை விட்டுட்டு, குழாயும் தட்டும் வாங்கி, மூட்டையும் மோட்டார் தாங்கியையும் மட்டும் வார்க்கறது. சின்ன அச்சு, ஒரே மூட்டு ஆறு இடத்துலயும் பொருந்தற மாதிரி. இடக்கை, வலக்கை வித்தியாசம் இல்லாம. 100 ட்ரோனுக்கு 600 துண்டு ஆயிடும், கணக்கு கொஞ்சம் மூச்சு விடும். முதல் பேட்ச்சுக்கு அலுமினிய அச்சு, டிசைன் நின்ன பிறகு எஃகு. கார் பாகம் செஞ்ச டூல் ரூம்காரருக்கு இது ஒரு வார வேலை மாதிரி தோணும், ஆனா அவர் கேட்கற முதல் கேள்வி மாறாது.

அம்பத்தூர்ல ஒரு டூல் ரூம்ல அதை நானே கேட்டேன். சாம்பிளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார், நகத்தால வெல்டு லைனைத் தடவினார், கேட் இடத்தைக் காட்டி, “இங்க வெச்சிருக்கக் கூடாது தம்பி, இந்தப் பக்கம் வெச்சிருக்கணும்”னார். எனக்கு சந்தோஷம் தாங்கலை. அப்புறம் கண்ணாடியைக் கழட்டி மேசை மேல வெச்சுட்டுக் கேட்டார்.

“எத்தனை பீஸு?”